தேய மறுத்த துத்தநாகம்

கோயமுத்தூர் கோட்டைமேட்டில் ஒரு சந்து இருக்கிறது. ஒரு ஸ்கூட்டர் உள்ளே நுழைந்தால் எதிரே வருகிற ஸ்கூட்டர் சுவரோடு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அந்தச் சந்தின் பாதியில் நின்று கேட்டால் இரண்டு சத்தம் வரும். ஒன்று லேத்து ஓடுகிற சத்தம், ஓட்டுகிறவன் உவைஸ். இன்னொன்று லேத்தையும் மீறிக் கேட்கிற குரல். அது அவன் மனைவி உம்மல் குல்சும்.

குல்சுமுக்கு நாற்பது தாண்டிவிட்டது. கோபமும் சிரிப்பும் ஒரே மூக்கு நுனியில் குடியிருக்கிறவள். எது முதலில் இறங்கும் என்று உவைஸுக்கே இன்னும் பிடிபடவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் பி.எஸ்சி. வேதியியல் படித்தாள். படித்த படிப்புக்கு லேத்துப் பட்டறையில் என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்பார்கள். "பித்தளை வாங்கறப்ப எவனும் என்னை ஏமாத்த முடியாதுல்ல?" என்று வாயை அடைத்துவிடுவாள். ஆனால் அந்தக் கேள்வி அவளுக்கு உள்ளே எங்கேயோ குத்திக்கொண்டுதான் இருந்தது.

உவைஸின் அத்தா ஜபருல்லா காலத்திலிருந்தே அந்தப் பட்டறைக்குப் பித்தளையில்தான் பெயர். டவுனில் பழைய வீடுகளுக்கெல்லாம் குழாயும் வால்வும் கப்ளிங்கும் இங்கிருந்துதான் போயின. வீடு இடிந்தாலும் ஜபருல்லா பாய் போட்ட பித்தளை ஒழுகாது என்று ஜனங்கள் சொல்வார்கள். போர்வெல் காலம் வந்ததும் அந்தப் பெயர் தோட்டங்களுக்குப் போய்ச் சேர்ந்தது. நம் கொங்கு விவசாயிக்கு ஒரு குணம் உண்டு. தன் வேட்டி கிழிந்திருந்தால் மடித்துக் கட்டிக்கொண்டு போய்விடுவார்; தண்ணீருக்குள் இறங்குகிற சாமான் மட்டம் என்றால் மட்டும் பொறுக்க மாட்டார். போருக்குள் மோட்டாரை இரும்புக் குழாயில் தொங்கவிடுகிறபோது, மோட்டாரின் வாயையும் குழாயையும் சேர்க்கிற கப்ளிங் பித்தளையில்தான் வேண்டும், அதுவும் ஜபருல்லா பட்டறைப் பித்தளைதான் வேண்டும் என்று தொண்டாமுத்தூர்ப் பக்கமெல்லாம் பிடிவாதம் பிடிப்பார்கள்.

அப்படிப் பிடிவாதம் பிடிப்பவர்களில் முதல் ஆள் செல்லாத்தாள். தொண்டாமுத்தூருக்கு மேற்கே, மலையைப் பார்த்த தென்னந்தோப்பு அவருடையது. வீட்டுக்காரர் காலமான பிறகு தோப்பைத் தனியாளாக நடத்துகிறவர். யானை வந்து நாலு மரத்தைச் சாய்த்துப் போட்டுப் போனால்கூட, "பசிச்சு வந்துச்சு, தின்னுபோட்டுப் போச்சு" என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்.

அந்தச் செல்லாத்தாள் ஆவணி மாதத்தில் ஒருநாள் பட்டறைக்கு வந்தார். கையில் சாக்குப்பை. மேசைமேல் கொட்டினார். ஒரு பித்தளைக் கப்ளிங். அதோடு ஒடிந்த இரும்புக் குழாயின் நுனி.

"ஏனுங்க பாய், இதென்னமோ மூணாவது தடவைங்க. மறுபடியும் அதே எடத்துல பைப்பு ஒடிஞ்சுபோச்சு. மோட்டார் எறக்கற அங்கப்பன் சாமர்த்தியமாக் கவுறு கட்டியிருந்தாரு, மோட்டார் அதுல தொங்கிக்கிட்டு நின்னுச்சு. கவுறும் அறுந்திருந்தா என்ற கதை முடிஞ்சுதுங்க."

"பித்தளைக்கு என்ன ஆச்சுங்கம்மா?" என்று உவைஸ் பதறிப்போய் எழுந்தான்.

"அதுக்கென்ன, கல்லாட்டம் இருக்குது. பைப்புக் கம்பெனிக்காரன்தான் மோசம் பண்ணிபோட்டான். நீங்க இதைவிடக் கனமா ஒண்ணு கடைஞ்சு குடுங்க. நல்ல பித்தளையா, எச்சாப் போட்டு."

உவைஸுக்கு உயிர் வந்தது. பித்தளையைக் கையில் வாங்கித் துணியால் ஒரு துடை துடைத்தான். நேற்றுக் கடைந்தது போல மினுங்கியது. பெருமையோடு மனைவியைப் பார்த்தான்.

குல்சும் பித்தளையைப் பார்க்கவில்லை. குழாய் நுனியைக் கையில் எடுத்து நகத்தால் கீறினாள். ஊறிப்போன முறுக்குபோல இரும்பு பொடிப்பொடியாக உதிர்ந்தது. பித்தளையை ஒட்டிய பாகம்தான் அப்படி. ஒரு முழம் தள்ளிக் குழாய் திடமாகவே இருந்தது. குழாய் மட்டம் என்றால் குழாய் முழுவதும் அல்லவா போயிருக்க வேண்டும்? மூன்று தடவையும் ஒரே இடம், ஒவ்வொரு தடவையும் பித்தளை மட்டும் புத்தம் புதுசு. ஒரே வீட்டில் ஒருவன் இளைத்துக்கொண்டே போகிறான், பக்கத்தில் இருக்கிறவன் பளபளவென்று இருக்கிறான் என்றால் சோறு எங்கே போகிறது என்று கேட்க வேண்டியதுதானே.

"அக்கா, அந்த ஒரு போர்தானுங்களா இருக்கு?" என்று கேட்டாள்.

"பாக்கியெல்லாம் வெறும் புகைதான் கண்ணு. தோண்டாத எடமில்லை. இது ஒண்ணுலதான் தண்ணி நிக்குது. மோட்டார் இதுக்குள்ள உழுந்து சிக்கிக்கிச்சுன்னா எடுக்க முடியாது. போரும் போச்சு, தோப்பும் போச்சு. மரத்துக்கு என்னத்தைச் சொல்லிச் சமாதானம் பண்றது?" அதுவரை சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தவரின் குரல் அந்தக் கடைசிப் பேச்சில் உடைந்துவிட்டது. முந்தானையால் முகத்தை ஒற்றிக்கொண்டு, யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

அவர் போன பிறகு குல்சும் சமையலறைக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் வாளியை எடுத்தாள். குழாய்த் துண்டையும் பித்தளைக் கப்ளிங்கையும் தண்ணீருக்குள் தள்ளித் தள்ளி வைத்து, உவைஸின் மல்டிமீட்டரை இரண்டுக்கும் நடுவில் மாட்டினாள்.

"என்ன, கப்ளிங்குக்குக் கரண்ட் குடுக்கறயா?" என்றான் உவைஸ்.

"கரண்ட் குடுக்கலைங்க. அது குடுக்குதான்னு பார்க்கறேன்."

மீட்டரில் கரண்ட் இருப்பது தெரியவே இல்லை. உவைஸ் வாய்விட்டுச் சிரித்தான். குல்சுமுக்கு முகம் சிவந்தது. வாளியைக் கொட்டப் போனவள் நின்றாள். வாளியில் இருந்தது சிறுவாணித் தண்ணீர். ஊரே ருசிக்காகப் பெருமையடிக்கிற தண்ணீர். அதில் உப்பு என்று பேருக்குத்தான் இருக்கும். உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் எப்படி நடக்கும்? அடுத்த நாளே பஸ் ஏறித் தொண்டாமுத்தூர் போய், செல்லாத்தாள் தோப்புத் தொட்டியிலிருந்து ஒரு கேன் தண்ணீர் பிடித்து வந்தாள். பாறைக்கு அடியிலிருந்து வருகிற தண்ணீர். சோப்பு நுரைக்காது, வாயில் வைத்தால் கரிக்கும். அதை வாளியில் ஊற்றி மறுபடி மீட்டரை மாட்டியதும் எண் குதித்தது.

உவைஸ் சிரிப்பை நிறுத்திவிட்டான்.

அவனுக்கு அவள் சொன்னது இதுதான். பித்தளையும் இரும்பும் உப்புத் தண்ணீரில் ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு நின்றால் அது ஜாயிண்ட் இல்லை, பேட்டரி. இரும்பு தன் எலக்ட்ரானை விட்டுக்கொடுத்துவிட்டுக் கரைந்து தண்ணீரோடு போகும். அதற்குப் பெயர் ஆக்சிஜனேற்றம். விட்டுக்கொடுத்த எலக்ட்ரான் பித்தளைக்குப் போய், அதன்மேல் பட்டு நிற்கிற தண்ணீரில் உள்ள ஆக்சிஜனிடம் சேரும், அது ஒடுக்கம். பித்தளை நடுவில் ஒரு வாசற்படி மட்டும்தான். அதற்கு ஒரு நோவும் இல்லை. இதை யாரும் தள்ளிவிடவும் வேண்டாம். மேட்டுத் தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோலத் தானாக நடக்கும். இரண்டு உலோகத்துக்கும் நடுவில் எத்தனை வோல்ட்டோ, அவ்வளவு உயரம் அந்த மேடு. கல்லூரியில் வெப்ப இயக்கவியல் பரீட்சையில் 'கட்டிலா ஆற்றல் குறைகிற பக்கமே வினை நடக்கும்' என்று மனப்பாடம் செய்து எழுதி, தட்டுத்தடுமாறித் தேறியவள் அவள். அந்த வரி இத்தனை வருஷம் கழித்துத் தன் மேசைமேலேயே துருப்பிடித்து உதிரும் என்று அவள் நினைத்துப் பார்க்கவில்லை.

"அப்போ நம்ம பித்தளைதான் அந்தம்மா பைப்பைத் திங்குதா?" என்று மெதுவாகக் கேட்டான் உவைஸ்.

"டவுன்ல திங்கலை. சிறுவாணித் தண்ணியில அதுக்குப் பல்லு இல்லை. அந்தத் தண்ணியில திங்குது."

"அத்தா பேரு கெட்டுப்போகும், குல்சும். வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு. கேட்டதைக் கடைஞ்சு குடுத்துருவோம்."

"கனமாக் கடைஞ்சு குடுத்தா இன்னும் வெசையாத் திங்கும்ங்க! மோட்டார் உள்ள உழுந்துருச்சுன்னா அந்தக்கா முகத்துல எப்படி முழிப்பீங்க?"

உவைஸ் பித்தளையை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தான். மோட்டாரின் வாயே வெண்கலம் என்பதால் பித்தளையை எடுத்துவிட்டாலும் சங்கடம் தீராது. இரும்புக் குழாயின் திருகு மரை அதில் நேராக ஏறினால் இறுகிப் பிடித்துக் கழற்றவும் வராது. பிளாஸ்டிக் குழாய் ஒருமுறை அறுந்து பட்ட பாட்டுக்கு அப்புறம் செல்லாத்தாள் அந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டார். ஆகவே இரும்புக்குப் பதிலாகத் தின்னக் கொடுக்க வேறு ஒன்று வேண்டும். இரும்பைவிட உயரமான மேட்டில் நிற்கிற உலோகம், எலக்ட்ரானைக் கொடுக்க இரும்பைவிட அவசரப்படுகிற உலோகம். அது துத்தநாகம். பட்டறைப் பேச்சில் ஜிங்க்.

மறுநாள் தோப்பில் செல்லாத்தாளிடம் எதையும் மறைக்காமல் சொன்னாள். தங்கள் பித்தளைதான் காரணம் என்றும் சொன்னாள். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆனால் துத்தநாகத்தை அழிவதற்கென்றே இறக்குவது என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. தோப்பு வீட்டு வாசலில் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்த திருஷ்டிப் பூசணிக்காயைப் பார்த்தார்.

"அதாட்டமுங்களா கண்ணு? ஊட்டுக்கு வர்றதைத் தான் வாங்கிக்கிட்டு அது அழுகிப் போகுமே?"

குல்சும் சிரித்துவிட்டாள். "அப்படியே வெச்சுக்கங்கக்கா. அது அழுகுனாத்தான் ஊடு பொழைச்சுதுன்னு அர்த்தம்."

உவைஸ் ஜிங்க்கை உருக்கி வார்த்து, இரண்டு அரை வளையமாகக் கடைந்தான். கப்ளிங்குக்குப் பக்கத்திலேயே குழாயைக் கட்டிப்பிடிக்கிற மாதிரி போல்ட் போட்டு இறுக்குகிற வளையம். வேண்டாவெறுப்பாகத் தொடங்கிய வேலைதான். முடிக்கிறபோது அவனுக்கே அதன்மேல் பிரியம் வந்துவிட்டது. கண்ணாடிபோல மெருகேற்றித்தான் கொடுத்தான்.

மோட்டாரை இறக்குகிற அன்று குல்சும் போக முடியவில்லை. தங்கை மகள் ரம்ஷாவின் நிக்காஹ். வளையத்தைக் கொடுத்தனுப்பிவிட்டு, கப்ளிங் பக்கத்தில் மாட்டச் சொல்லுங்கள் என்று செல்லாத்தாளுக்குப் போனில் சொன்னாள். அவர் அதை அங்கப்பனிடம் சொன்னார்.

அங்கப்பன் யார் என்று சொல்ல வேண்டும். அந்த வட்டாரத்தில் போர் மோட்டார் தூக்குவதும் இறக்குவதும் அவர் ஆட்கள்தான். முக்காலி நிறுத்தி, சங்கிலி போட்டு, ஒவ்வொரு குழாயாகக் கழற்றி மேலே எடுப்பார்கள். அங்கப்பன் வாயைத் திறந்தால் பாதி கேலி. வேலையில் மட்டும் கேலி கிடையாது. பெயிண்ட் அடிக்காமல் எதையும் போருக்குள் இறக்க மாட்டார். ஆயுத பூஜைக்கு ரெஞ்சுக்கும் முக்காலிக்கும் சிவப்புப் பெயிண்ட் அடித்து, பொட்டு வைத்து, படையல் போடுகிறவர். தண்ணீருக்குள் இறங்குகிற பொருளுக்கு ஒரு கை பெயிண்ட் கொடுக்காமல் விடுவது, பிள்ளைக்குத் தலை சீவாமல் பள்ளிக்கூடம் அனுப்புவது போல அவருக்கு.

மாசி பிறந்ததும் குல்சும் பிடிவாதமாக, "ஒருக்கா மேல எடுத்துப் பார்த்துரலாமுங்கக்கா, கோடைக்கு முன்னால" என்றாள். தண்ணீர் நன்றாக வந்துகொண்டிருந்தது. எதற்கு வீண் வேலை என்று அங்கப்பன் முணுமுணுத்தார். ஆனாலும் முக்காலி ஏறியது. உவைஸும் பட்டறையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். தன் வார்ப்பு எப்படி இருக்கிறது என்று பார்க்கும் ஆசை.

கடைசிக் குழாய் மேலே வந்தது. கப்ளிங், பக்கத்தில் வளையம், கீழே மோட்டார். அங்கப்பன் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக் கழுவினார். சேறு போனதும் சிவப்புப் பெயிண்ட் ஜொலித்தது. குழாயும் சிவப்பு, வளையமும் சிவப்பு. ஓரத்தைச் சுரண்டிப் பார்த்தார். உள்ளே ஜிங்க் உவைஸ் கொடுத்த மெருகு குலையாமல் இருந்தது.

"ஏனுங்க பாய்! ஒரு பொட்டு தேயலைங்க! இதுதானுங்க சாமானு! அம்மணி, உங்க ஜிங்க்கு நூறு வருஷம் தாங்கும்!"

உவைஸுக்குத் தலைகால் புரியவில்லை. செல்லாத்தாள் இளநீர் வெட்டச் சொன்னார். ஆட்கள் எல்லாரும் வளையத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். அங்கப்பன், "சரி, எறக்கிரலாம் போங்க, மும்முனைக் கரண்ட் போறதுக்குள்ள" என்று சங்கிலியைப் பிடித்தார்.

குல்சும் மட்டும் வளையத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இளநீரை வாங்கியவள் குடிக்காமல் கீழே வைத்தாள். தேயவில்லை. தேய்வதற்கென்றே இறக்கிய உலோகம் ஒரு பொட்டு தேயவில்லை. அப்படியென்றால் அதற்குப் பதிலாகத் தேய்ந்தது எது?

"எறக்காதீங்கண்ணா."

"ஏனுங்?"

"அந்த ஜாயிண்டைக் கழட்டுங்க. மரையைப் பார்க்கணும்."

"அட, வெளிய எல்லாம் நல்லா இருக்குதுங்கல்ல? புதுப் பொண்ணாட்டம் இருக்குது பாருங்க. கழட்டுனா மறுபடியும் இறுக்கணும், சீல் போடணும், பொழுதே போயிரும்."

"புதுசா இருக்கறதுதாங்கண்ணா பயமா இருக்கு!" அவள் குரல் தோப்பு முழுவதும் கேட்டது. உவைஸ் கண்ணைக் காட்டினான். ஆட்களுக்கு முன்னால் வேண்டாம் என்று. அவள் அதைக் காணவில்லை. தரையில் கிடந்த நீளக் குழாய்மேல் போய் உட்கார்ந்துகொண்டாள். "இதைக் கழட்டாம இந்த மோட்டார் உள்ள போகாது. என்னைத் தூக்கிப் போட்டுட்டு எறக்குங்க."

எல்லாரும் செல்லாத்தாளைப் பார்த்தார்கள். அவர் பூசணிக்காய் தொங்குகிற பக்கம் ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "கழட்டிப்போடுங்க அங்கப்பா, புள்ள சொல்லுது" என்றார்.

அங்கப்பன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு செயின் ரெஞ்சைக் குழாயில் சுற்றினார். ஒரு ஆள் கப்ளிங்கைப் பிடித்தான். அங்கப்பன் தம் கட்டவில்லை; ஆரம்பப் பிடியாகச் சும்மா ஒரு அழுத்து அழுத்தினார்.

பிஸ்கட் ஒடிகிற சத்தம்தான் கேட்டது. குழாய் ரெஞ்சோடு கையில் வந்துவிட்டது. மரை இருந்த இடம் கப்ளிங்குக்குள் கறுப்புத் தூளாகக் கிடந்தது. சிவப்புப் பெயிண்ட் மட்டும் தோல்போல அதன்மேல் ஒட்டிக்கொண்டிருந்தது.

அந்தக் குழாயை நம்பித்தான் மோட்டாரை இன்னொரு கோடைக்கு உள்ளே இறக்கப் பார்த்தார்கள். செல்லாத்தாள் தென்னை மரத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"வருஷம் தாங்குன பைப்பு, இந்தத் தடவை அஞ்சாறு மாசத்துல..." என்றான் உவைஸ். அவன் கண் தன் வளையத்தின்மேல் நின்றது. அதைப் பார்க்கவே அவனுக்குப் பிடிக்கவில்லை.

"பெயிண்ட் யாரு அடிச்சது?" என்றாள் குல்சும்.

"நாந்தானுங்க அடிச்சேன்," என்றார் அங்கப்பன். "எப்பவும் பைப்புக்கு ஒரு கை, இந்தத் தடவை ரெண்டு கை. பைப்புக்கும் வளையத்துக்கும் நடுவால ரப்பர் டேப்பும் சுத்துனேன், ஒண்ணை ஒண்ணு தேய்க்கக் கூடாதுன்னு." சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. "நல்லதுக்குன்னுதானுங்க அம்மணி செஞ்சேன்."

குல்சுமின் மூக்கு நுனியில் கோபம் வந்து நின்றது. வாயைத் திறந்தாள். ஆனால் அந்த ஆள் ரெஞ்சைப் பிடித்தபடி நின்ற நிலையைப் பார்த்ததும், செல்லாத்தாளிடம் பூசணிக்காய்க் கதை வரைக்கும் பேசிய தான், மாட்டப்போகிற ஆளிடம் ஒரு வார்த்தை பேசவில்லையே என்பது உறைத்தது. "நானும் உங்ககிட்டச் சொல்லலைங்கண்ணா," என்றாள். "சரி, ஒரு வாளி போர்த் தண்ணி கொண்டாங்க. இப்பச் சொல்றேன்."

வாளி வந்தது. பையிலிருந்து மல்டிமீட்டரை எடுத்தாள். சிவப்பு வளையத்தை, சுரண்டிய ஓரம் மட்டும் மேலே நிற்க, சுத்தம் செய்த ஒரு இரும்புத் துண்டோடு தண்ணீரில் வைத்து மாட்டினாள். மீட்டர் செத்த பாம்புபோலக் கிடந்தது. "இது வாயை மூடிக்கிட்டு இருக்குதுங்கண்ணா. நீங்க பெயிண்ட்ல மூடுனீங்க, டேப்புல இரும்புக்குப் போற பாதையும் அடைச்சீங்க. அது குடுக்கறதுக்கு வழியே இல்லை. இரும்பு மேலயும் பெயிண்ட் இருக்கு, ஆனா உங்க ரெஞ்சுப் பல்லு பட்ட எடத்துலயும் மரையிலயும் பெயிண்ட் போயிருச்சு. முன்னாடி ஒரு முழப் பைப்பு பங்கு போட்டுக்கிட்ட தேய்மானம் இப்ப அந்த ஒரு எடத்துலயே எறங்கிருச்சு."

"அப்ப இதைச் சுரண்டுனா?"

"சுரண்டிப் பாருங்களேன்."

அங்கப்பன் அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். யாரையும் தொட விடவில்லை. தான் அடித்த இரண்டு கை பெயிண்டையும் தானே ராவினார். சிவப்புத் தூள் வேட்டியெல்லாம் அப்பியது. வெள்ளி நிறத்தில் ஜிங்க் வெளியே வந்ததும் குல்சும் அதையும், அதே இரும்புத் துண்டையும் வாளியில் விட்டு மீட்டரைக் கொடுத்தாள். எண் எகிறியது. அங்கப்பன் தண்ணீரிலிருந்து வளையத்தை வெளியே எடுத்தார், எண் விழுந்தது. உள்ளே விட்டார், எழுந்தது. மறுபடி எடுத்தார், விட்டார். அவர் முகத்தில் பெரிய சிரிப்பு ஒன்று பரவியது.

"பேசுதுங்க அம்மணி, இது பேசுது!"

"பேசட்டும். அது பேசற வரைக்கும் இரும்பு தூங்கும்."

அன்று பொழுது சாய்வதற்குள் புதுக் குழாய் வந்தது, உவைஸ் மரையைச் சரிபார்த்தான், வளையம் உட்காரும் இடத்தை அங்கப்பன் கண்ணாடியாகத் தேய்த்துவிட்டு இரும்பும் ஜிங்க்கும் நேராகத் தொடும்படி இறுக்கினார். பெயிண்ட் டப்பா பக்கத்திலேயே இருந்தது. கை அந்தப் பக்கம் போவதும் திரும்புவதுமாக இருந்தது. கடைசியில் டப்பாவை எடுத்து வண்டிக்குள் போட்டு மூடிவிட்டார்.

அந்தக் கோடை லேசான கோடை இல்லை. சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ போர்கள் காற்றைத்தான் கக்கின. செல்லாத்தாளின் மோட்டார் ஓடியது. இடையில் தண்ணீர் கொஞ்சம் குறைந்த ஒரு வாரம், செல்லாத்தாள் தினமும் போன் செய்து, "கண்ணு, உள்ள உழுந்திருக்காதுல்ல?" என்று கேட்பார். "உழுகாதுங்கக்கா" என்று தெம்பாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்ததும், குல்சும் பட்டறைக்குள் குறுக்கும் நெடுக்கும் நடப்பாள். வோல்ட் கணக்கு சரி. ஆனால் பாறைக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாத ஆழத்தில், தன் பேச்சைக் கேட்டு ஒருவர் தன் உயிரையே தொங்கவிட்டிருக்கிறார். அதை நினைத்தால் அவளுக்குச் சோறு இறங்காது. உவைஸ் லேத்தை நிறுத்திவிட்டு ஒரு டம்ளர் டீயைக் கையில் திணிப்பான்.

அடுத்த மாசியில் மறுபடி முக்காலி நின்றது. இந்தத் தடவை அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களும் வந்து நின்றார்கள். விஷயம் பரவியிருந்தது. கேலி பேசத்தான் பாதிப் பேர் வந்தார்கள்.

குழாய்கள் ஒன்றொன்றாக மேலே வந்தன. கடைசிக் குழாய் தலை காட்டியதும் கூட்டம் நெருங்கியது. வளையம் வெளியே வந்தது. எறும்பு அரித்த வெல்ல அச்சுபோல, மேடும் பள்ளமுமாக, பாதி உடம்பைக் காணோம். மேலெல்லாம் வெள்ளைப் பொடி பூத்திருந்தது.

"அடப் பாவமே, ஓட்டையாப் போச்சே" என்றார் பின்னாலிருந்து ஒருவர். "இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?"

அங்கப்பன் அவர் பக்கம் திரும்பவே இல்லை. சுத்தியலை எடுத்துக் கப்ளிங் பக்கத்துக் குழாயில் ஒரு தட்டுத் தட்டினார். கோயில் மணியடித்த மாதிரி ணங்கென்று கேட்டது. ரெஞ்சைப் போட்டார். இந்தத் தடவை இரண்டு பேர் தம் கட்டித் தொங்க வேண்டியிருந்தது. மரை கிறீச்சிட்டுக்கொண்டு, முழுசாகச் சுற்றிச் சுற்றி வெளியே வந்தது. அங்கப்பன் விரலால் அதை நெடுகத் தடவினார். ஒவ்வொரு பல்லும் கையில் குத்தியது.

அப்புறம்தான் அந்த மனுஷன் இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு கத்தினார்.

"தேஞ்சுபோச்சுங்க அம்மணி! ஜிங்க்கு தேஞ்சேபோச்சுங்க!"

குழந்தை பிறந்ததைச் சொல்கிறவன்கூட அப்படிக் கத்தியிருக்க மாட்டான். உவைஸ் தன் வார்ப்பு அழிந்ததைப் பார்த்துக் கை தட்டினான். குல்சுமுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒரே சமயத்தில் இறங்கின. இந்தத் தடவை இரண்டும் சேர்ந்தே வந்தன. அந்தப் படிப்புக்கு லேத்துப் பட்டறையில் என்ன வேலை என்று கேட்டவர்கள் எல்லாரும் இப்போது இங்கே நின்றிருக்க வேண்டும் என்று வாய்விட்டே சொன்னாள்.

கேலி பேச வந்த தோட்டக்காரர் மெதுவாக முன்னால் வந்து, "ஏனுங்க பாய், இதுல எனக்கும் ஒண்ணு கடைஞ்சு குடுப்பீங்களா?" என்று உவைஸைக் கேட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு மூன்று தலை எட்டிப் பார்த்தன.

"அவங்களைக் கேளுங்க" என்று உவைஸ் மனைவியைக் காட்டினான்.

செல்லாத்தாள் மோட்டார் பக்கத்தில் வந்து நின்றார். வளையத்தைக் கழற்றித் தரச் சொன்னார். முந்தானையால் வெள்ளைப் பொடியைத் துடைத்தார். வீட்டுக்குள் போய்க் குங்குமச் சிமிழோடு வந்து, அந்த ஓட்டை விழுந்த துத்தநாகத்துக்கு ஒரு பொட்டு வைத்தார். வாசலில் தொங்கிய பூசணிக்காயை அவிழ்த்துக் கீழே வைத்துவிட்டு, அந்தக் கயிற்றிலேயே அதைக் கட்டினார்.

புது வளையம் ஏறியது. மோட்டார் இறங்கியது. மும்முனைக் கரண்ட் வந்ததும் அங்கப்பன் ஸ்விட்சைத் தட்டினார். குழாய் இரண்டு தடவை இருமியது; பிறகு தொட்டி நிறையத் தண்ணீர் கொட்டியது. செல்லாத்தாள் அந்தத் தண்ணீரை இரண்டு கையிலும் ஏந்தி, முதலில் குல்சுமின் தலையில் தெளித்தார், அப்புறம் தன் மரத்தின் அடியில் ஊற்றினார்.